அடுத்து என்ன செய்யட்டும்?

நூருன்னிசா எழுதியிருந்ததைப் படித்ததும் லாசரஸ் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டான்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே நியூன்னு தட்டினேன். கோளாறெல்லாம் போயிடுச்சு. ஸ்கிரீன் சுத்தமா இருக்கு. ரொம்ப நன்றி. அடுத்து என்ன செய்யட்டும்?"

கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தவர்கள் டெலிபோன் வழியாக உள்ளே நுழைந்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிப் பேசிக்கொள்ளும் செய்திப் பலகை அது. இருப்பது ஒரே லைன். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டும். லாசரஸ் வங்கியில் புரோகிராமர் என்பதால் அங்கே அவன் வைத்ததுதான் சட்டம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை.

நூருன்னிசா சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு மசாலாக் கடையில் டைப்பிஸ்ட். திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் பில் அடித்துக் காட்டினால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். புத்தகத்தைப் பார்த்து அவளே எழுதிய புரோகிராம் பாதியில் நிற்கிறது, எங்கே பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டிருந்தாள். எந்த வரியில் நிற்கிறது என்று திருப்பிக் கேட்டிருந்தால் போதும். நாக்கில் சனி, "நியூன்னு தட்டுங்க, எல்லாக் கோளாறும் போயிடும்" என்று எழுதினான். இருக்கிற புரோகிராமை அடியோடு அழிக்கும் கட்டளை அது. விவரம் தெரிந்தவர்கள் சிரித்துப் பதில் போட்டார்கள். அவனுக்கும் குளுகுளுவென்றிருந்தது.

டிஸ்கில் ஒரு நகல் வைத்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மிச்சத்தைப் படித்தான்.

"அணைச்சா எழுதினதெல்லாம் போயிடும்னு சுவிட்ச் மேல டேப் ஒட்டி வெச்சிருந்தேன் சார். இனிமே அணைக்கலாமா? அண்ணன் வீட்லேர்ந்து எழுதறேன். உங்க பதிலப் பாத்துட்டுத்தான் கடைக்குப் போவேன்."

அப்படியானால் நகலே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, பதில் எழுதாமலே லைனைத் துண்டித்தான்.

"ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?" என்றாள் மனைவி பிரிஜட்.

"ஒரு பொண்ணு வேலைக்கு உலை வெச்சுட்டேன்." நடந்ததைச் சொன்னான்.

"சாரி சொல்லுங்க லா. நாளைக்கு கடைக்குப் போய் கூட உக்காந்து எழுதிக் குடுங்க."

"அந்த போர்ட்ல எல்லாரும் படிப்பாங்களே."

"சிரிச்சப்ப மட்டும் யாரும் படிக்கலையா?"

லாசரஸ் ரிசீவரை எடுத்து போர்டின் எண்ணைச் சுழற்றினான். எங்கேஜ். மறுபடி சுழற்றினான். எங்கேஜ்தான். யாரோ உள்ளே இருந்தார்கள். அவளாகத்தான் இருக்கும் என்று பட்டது. அவன் பதில் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வெளியே வந்தால்தான் அவன் உள்ளே போக முடியும்.

தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. லாசரஸ் மீண்டும் முதல் எண்ணில் விரலை விட்டான்.