கஞ்சி போட்ட கோட்டு

1

“நம்மட புடவைய விக்கப் போற மனிசன் வெள்ளக்காரன்ட கோட்டப் போட்டுக்கு போறதா? ஒன்ட புடவ ஒனக்கே குளிருக்கு ஒதவல்ல, எங்களுக்கு எப்பிடி ஒதவும் எண்டு அவன் கேக்கமாட்டானா காக்கா?”

“கேட்டாப் பதில் சொல்ல வாய் தொறக்கணுமே. போன மொற பல்லு அடிச்ச அடில இவர்ட வாயால ஒரு சொல்லு வந்திச்சா?”

இந்தக் கதை பிறந்தது இந்த இரண்டு வசனங்களிலிருந்துதான். ஒளிக்க ஒன்றுமில்லை. மருதமுனையில் எங்கள் வளவுக்கும் றுகையாவின் வளவுக்கும் நடுவே ஒரு தென்னோலைக் கிடுகு வேலி மட்டும்; வயதில் மூத்தவள் என்பதால் அந்த வீட்டாருக்கு நான் ராத்தா. அன்று காலை, ஏற்கனவே காய்ந்துவிட்ட உடுப்புகளை நான் மறுபடியும் கொடியில் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அவ்வளவு நல்ல சண்டை.

முதலில் கதைத்தது றுகையா. எங்கள் தெருவில் அவளுடைய தறிக்கு நிகரான தறி இல்லை. இதை அவளே சொல்லுவாள், மற்றவர்களும் மறுப்பதில்லை. (புடவை என்றால் எங்களுக்குத் தறியில் இறங்கும் எந்தத் துணியும்தான்.) பதில் சொன்னது அவளுடைய மூத்த சகோதரன் பளீல். இரண்டு பேருக்கும் நடுவில் வாய் திறக்காமல் இருந்தவர் அவளுடைய கணவர் அதாவுல்லா. தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது பளீல் பிடித்து வந்த கம்பளிக் கோட்டு அவர்கள் முன்னால் பாயில் கிடந்தது. கறுப்பு. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஆள் இல்லாமலே அரைப் பாயைப் பிடித்திருந்தது.

2

தொடக்கத்தைப் பல மாதிரி எழுதிப் பார்த்தேன்.

[1955ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், மருதமுனையைச் சேர்ந்த புடவை வியாபாரி அதாவுல்லா என்பவர்— வேண்டாம். காணி உறுதி எழுதுவது போல இருக்கிறது.]

[நீலக்கடல் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்த அந்த— இதுவும் வேண்டாம். இந்தக் கதையில் கடலுக்கு ஒரு வேலையும் இல்லை.]

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு தோட்ட ஆசுபத்திரி. அதன் களஞ்சியப் பொறுப்பாளர் குணம் என்கிறவர். கட்டில் விரிப்பு இருநூறு தேவை என்று அவர் தேடுவது அதாவுல்லாவின் காதுக்கு எட்டியது. மார்கழியில் ஒரு நாள் விடியவே, றுகையா நெய்த விரிப்புகளைப் பொட்டணியாகக் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு மனிதர் புறப்பட்டார்.*

செங்கலடிச் சந்தியில் திரும்பி, மகாஓயா, பிபிலை தாண்டும்வரை சுகம். லுணுகலை ஏற்றத்தில் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் போய்விட்டது. உடுத்திருந்தது சாறனும் ஒரு சேட்டும், தலையில் ஒரு துவாயும். போய் இறங்கியவருக்குப் பொட்டணியின் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. ஸலாம் சொல்லவும் முடியவில்லை. பல் மட்டும் தானாக அடித்துக்கொண்டிருந்தது. குணம் இதை மலேரியா என்று முடிவுசெய்து, கசப்பு மருந்து கொடுத்து, புடவையைப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபிறகு உண்மையாகவே காய்ச்சல் வந்தது.

பிறகு கடிதம் எழுதிக் கெஞ்சியதில் ஒரு தவணை கிடைத்தது. பெப்ரவரி இரண்டாவது திங்கட்கிழமை. அன்றும் சரிவராவிட்டால் இருநூறு விரிப்பும் கொழும்புக் கடையொன்றுக்குப் போய்விடும்.

றுகையாவுக்கு அந்த விரிப்பு வெறும் வியாபாரம் அல்ல. ஓரத்தில் ஓடும் மூன்று சிவப்புக் கோடு அவளே கணக்குப்போட்டு இறக்கியது. ஒருவன் அதை விரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பார்க்காமலே அனுப்பினான் என்பதுதான் அவளைத் தின்றது.

* பஸ்ஸில் போகலாமே என்று கேட்பீர்கள். புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கிய ஓர் ஆண்பிள்ளையிடம் போய் அதைக் கேட்டுப் பாருங்கள்.

3

குளிருக்கு என்ன உடுப்பது என்று கேட்டால், எங்கள் ஊரில் ஆளுக்கொரு பதில். வேர்வைதான் எங்களுக்குப் பழக்கம். குளிரைப் பற்றித் தெரியாததால்தான் அத்தனை துணிவாகக் கதைத்தார்கள். மூன்று சேட்டு என்றார் ஒருவர். போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓட்டு என்றார் இன்னொருவர்.

விசயம் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். கல்முனைத் தந்திக் கந்தோரில் வேலை செய்த பெனடிக். உலக யுத்தகாலத்தில் மலையிலே தியத்தலாவை முகாமில் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டு திரிந்தவன். அதாவுல்லா அவனைத் தேநீருக்கு அழைத்து வந்தார். றுகையா மறைப்புச் சீலைக்குப் பின்னால் நின்று கேட்டாள். (நான் எங்கே நின்று கேட்டேன் என்பது இங்கே தேவையில்லை.)

“காக்கா, மலையில குளிர் ஆளக் கொல்லாது. காத்துத்தான் கொல்லும். நீங்க நிண்டா அதுவும் நிக்கும். நீங்க ஓடினா அது ஊசி மாதிரிப் பூரும். உள்ளுக்கு மெல்லிசா ரெண்டு போடுங்க, நெஞ்சில பத்திரிகைத் தாள மடிச்சி வையுங்க. வெளியால போடுறது எதெண்டாலும் சரி, காத்த விடப்படாது.”

கழுத்து, கை, முழங்கால் மூன்றையும் மூடச் சொன்னான். கைக்கு மேஸ் போதும், காலுக்குப் போடுகிறதைக் கையில் போட்டுக்கொள்ளலாம் என்றான். இரண்டு காலையும் தனித்தனியே மூடுகிற களிசான் இல்லாமல் ஏறவே கூடாது என்றும் சொன்னான். அதாவுல்லா குளிருக்குப் பயப்பட்டதைவிடக் களிசானுக்குத்தான் அதிகம் பயந்தார். புடவை வியாபாரி களிசானோடு தெருவில் இறங்கினால் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை கிடைத்துவிட்டதா என்று ஊர் கேட்குமே. கடைசியில் களிசானைப் போட்டு அதற்கு மேல் சாறனை உடுப்பது என்று முடிவானது. கல்லடிப் பாலம் தாண்டியதும் சாறனை உருவிவிடுவதாக ஒப்பந்தம்.

4

பெனடிக் போனபிறகு றுகையா செய்தது ஒன்று. தன்னுடைய விரிப்பின் ஒரு மூலையை வாயில் வைத்து ஊதினாள்; மறுபக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காற்று வந்தது. இன்னும் இறுக்கமாக நெய்த துண்டொன்றை எடுத்து ஊதினாள். அதிலும் வந்தது. முகம் கறுத்துப்போய்ப் பாயில் இருந்துவிட்டாள்.

[இங்கே அவளை அழவைத்து ஒரு பந்தி எழுதினேன். வெட்டிவிட்டேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதால் நன்றாக இருக்குமே என்று காத்துக்கொண்டிருந்தேன்.]

பிறகு எழும்பினாள். நூல் அறாமல் இருக்க, தறியில் நீளவாட்டில் ஓடும் பாவுக்குக் கஞ்சி போடுவது நெசவுக்காரி வீட்டில் அன்றாடம் நடப்பது. கஞ்சி நூலைக் காக்கும் என்றால் ஏன் ஆளைக் காக்காது? அரிசியைக் குழையக் காய்ச்சி, இரட்டை நூலில் நெய்த துணியில் ஒரு தரமல்ல, நாலு தரம் ஏற்றி, வெயிலில் விறைக்கவைத்தாள். ஊதினாள். உள்ளங்கைக்கு ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெருநாள் பிறை முதலில் கண்டவளுக்குக்கூட அப்படி ஒரு முகம் இராது.

தைத்தது றுகையாவின் தங்கச்சி ஜெமீலா. சேட்டுக்குப் போல முன்னால் தெறி வைத்துப் பூட்டினால் இடைவெளியால் காற்றுப் பூரும் என்று யோசித்து, முன்பக்கம் வெட்டே இல்லாமல் தைத்து, முதுகில் நாலு நாடா வைத்தாள். நெஞ்சிலே தாள் வைக்க இரண்டு பை. ஓரம் முழுக்க அந்த மூன்று சிவப்புக் கோடு. அதாவுல்லா அதை மாட்டிக்கொண்டு பள்ளித் தெருவில் மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று ஓடிக்காட்டினார். நடந்தபோது கிடுகு போலச் சரசரத்தது. சிரிக்கவென்று வந்தவர்கள் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார்கள், தட்டினால் பலகை. “எங்கட புடவைடா” என்று ஒருவன் சொன்னான். அந்த ‘எங்கட’வில் நானும் சேர்ந்துகொண்டேன். கஞ்சிக்கு அரிசி கடன் கொடுத்தது நான்.

கோட்டில் ஒரு குறை இருந்தது. நாங்கள் ஒருவரும் காணவில்லை. எங்கள் கரையில் மாரி முடிந்தால் மழை முடிந்தது. பெப்ரவரியில் வானம் துடைத்துவிட்டதைப் போல இருக்கும். மலையில் மேகம் ரோட்டிலேயே நடந்து வரும் என்று எங்களுக்கு யார் சொன்னது? பெனடிக் காற்றைப் பற்றித்தான் சொன்னான். ஈரத்தைப் பற்றி அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அதைப் பரம ரகசியமாக வைத்திருந்தோம்.

5

இந்த இடத்தில் பளீலைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். கதைக்கு ஒரு கெட்டவன் இருந்தால் எழுதுகிறவருக்குப் பாதி வேலை குறையும். தங்கச்சியின் தறியை மதிக்காதவன், வெள்ளைக்காரன் உடுப்புக்கு மயங்கியவன் என்று இரண்டு பக்கம் போனேன்.

ஆனால் ஆள் ஒத்துழைக்கவில்லை. மார்கழிக் காய்ச்சலில் அதாவுல்லா பதினொரு நாள் கிடந்தபோது, மச்சானின் காலைச் சூடுபறக்கத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவன் பளீல். அவனுக்குத் தறியோடு பகை இல்லை. தங்கச்சி கைம்பெண்ணாகிவிடக் கூடாது என்பதுதான் அவனுடைய கோட்டு. அந்த இரண்டு பக்கத்தையும் அடுப்புக்குக் கொடுத்தேன்.

6

திங்கட்கிழமைக்கு முந்தின நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அதாவுல்லா புறப்பட்டார். நாடா நாலையும் றுகையாவே கட்டினாள். இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

அதாவுல்லா சொல்வது: பிபிலைவரை கோட்டு ராசா. காற்று நெஞ்சில் மோதித் திரும்பிப் போனது. லுணுகலையில் மேகத்துக்குள் பூந்ததும் முதலில் கைப்பகுதி இளகியது. பிறகு மணிக்கட்டால் ஏதோ வழுவழுவென்று வடிந்தது. பசறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மனிதர் தலையிலிருந்து கால்வரை கஞ்சி. ஒரு தேநீர்க்கடை அடுப்படியில் நின்று காயவைத்தார். கஞ்சி காய்ந்ததும், வண்டி பிடித்த கோலத்திலேயே கோட்டின் கை இரண்டும் விறைத்துவிட்டன. அன்றிரவு அந்தக் கடையிலேயே அப்படியே சாய்ந்து கிடந்து, மறுநாள் பண்டாரவளையில் இறங்கியபோதும் கைகள் முன்னால் நீட்டியபடி. வண்டி இல்லாமலே வண்டி ஓட்டிக்கொண்டு ஆசுபத்திரிக்குள் நடந்தார். குணமும் இரண்டு பணியாட்களும் பின்னால் நின்று நாடாவை அவிழ்த்தார்கள். கழற்றி வைத்த கோட்டு தரையில் தானாக நின்றது.

இது என்ன என்று குணம் கேட்டார். இந்தத் தரம் அதாவுல்லாவின் வாய் திறந்தது.

“எங்கட வீட்டுப் பொம்புள நெய்ஞ்ச புடவ ஐயா. காத்துப் பூராம இரிக்கக் கஞ்சி போட்டாவு.”

குணம் சிரிக்கவில்லை. விரிப்பு அவிக்கிற கிடாரத்து வெந்நீரில் கோட்டைப் போடச் சொன்னார். கஞ்சி வெள்ளையாகப் பிரிந்து வந்தது. சிவப்பு ஒரு சொட்டும் வரவில்லை. மூன்று கோடும் நெய்த அன்று போல இருந்தன. இருநூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கஞ்சி மட்டும் வேண்டாம் என்று கீழே ஒரு வரி சேர்த்தார்.

7

பளீல் சொல்வது: அதாவுல்லா புறப்படுவதற்கு முந்தின நாளே அவன் பஸ் ஏறிப் போய், செங்கலடிச் சந்தியில் கூட்டாளி மசூரின் கடையில் துரையின் கோட்டை வைத்துவிட்டு வந்தான். அதாவுல்லா அங்கே இறங்கி, கஞ்சிக் கோட்டைக் கழற்றி ஈரம் ஏறாத ரெட்சின் சீலைக்குள் பத்திரமாகச் சுற்றி, மலை முழுக்கக் கம்பளியோடு போனார். பண்டாரவளைக் கடைத்தெருவுக்கு இப்பால் மறுபடி மாற்றிக்கொண்டார். மேகமும் நனைக்கவில்லை, ஒன்றும் வடியவில்லை. மற்றபடி குணம், கிடாரம், வெந்நீர், சாயம் போகாதது, இருநூறு எல்லாம் அதேதான்.

நாடா முதுகில் இருக்கிறதே, நடுவழியில் அதை யார் கட்டிவிட்டது என்று பளீலை மடக்கினேன். “பண்டாரவளையில மனிசரே இல்லையா ராத்தா?” என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான். அந்தப் பக்கம் மடக்கமுடியாவிட்டால் இந்தப் பக்கம்: கஞ்சி ஈரத்தோடு லுணுகலையிலிருந்து பசறைவரை ஒரு மனிதன் உயிரோடு போக முடியுமா என்று அதாவுல்லாவைக் கேட்டேன். “போனனே” என்றார்.

மூன்றாவது முடிவொன்று நானே எழுதினேன். [லுணுகலை வளைவில் கை வழுக்கி, வண்டி— இல்லை. ஒரு நல்ல மனிதனைக் கதைக்காகப் பள்ளத்தில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் திரும்பி வந்த சத்தம் தெருமுனையில் கேட்டபோது எத்தனை வாசலில் எத்தனை பேர் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும்.]

8

வந்து இறங்கிய கணவரிடம் றுகையா கேட்டது ஒரே கேள்வி. குளிர்ந்ததா என்று. கைக்கு மட்டும் என்று அவர் பதில் சொன்னார். இதில் இரண்டு கதைக்கும் இடம் இருக்கிறது. எனக்குத்தான் பிரயோசனம் இல்லை.

கடைசியில் பொறுக்கமுடியாமல் அவளிடமே போனேன். பளீல் சொல்வது உன் காதுக்கு வந்ததா, எது உண்மை என்று கேட்டேன். இருநூறில் எத்தனையாவதோ தறியில் இருந்தது. கை நிற்கவில்லை.

“ரெண்டு கதையிலயும் வெந்நியில கிடந்தது என்ட புடவதான் ராத்தா. மத்தத நீங்க எழுதிக்கங்க.”

எழுதிவிட்டேன். முடிவைத்தான் காணவில்லை. ஆகவே யார் யார் எங்கே போனார்கள் என்று சொல்லி ஒதுங்குகிறேன். பெனடிக்குக்குத் திருகோணமலைக்கு மாற்றம் வந்து, மனைவி ஞானராணியோடு போய்விட்டான். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் வீடு மாறுகிறவன் ஆண்பிள்ளைதான். அதனால் பளீல் அந்த வருசமே சம்மாந்துறையில் பெண் எடுத்து அங்கே குடிபோனான். ஜெமீலாவுக்குச் சாய்ந்தமருதிலிருந்து பதியுதீன் என்கிற மாப்பிள்ளை வந்தான். மூத்த மச்சான் அதாவுல்லாவின் வாயால் கேட்டதையெல்லாம் அவன் தன் உம்மா வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோகிறான். இப்போது சம்மாந்துறையில் கேட்டால் பளீலின் முடிவு, சாய்ந்தமருதில் கேட்டால் அதாவுல்லாவின் முடிவு. நீங்கள் எந்த ஊரில் கல்யாணம் முடித்தீர்களோ, அந்த ஊர் முடிவை வைத்துக்கொள்ளுங்கள்.