ஏற்றி ஓட்டிய பிராசசர்

கார்த்திகேஷ் கண்ணாடி மேசைமேல் இரண்டு பிராசசர்களை எடுத்து வைத்தான். ஒன்று பென்டியம் த்ரீ, ஐந்நூறு மெகாஹெர்ட்ஸ். மற்றது செலரான், முந்நூற்று அறுபத்தாறு. விலையில் ஏழாயிரம் ரூபாய் வித்தியாசம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சந்துக்குள் இருந்த அவனுடைய கம்ப்யூட்டர் கடையில் துளசிராம் ஒரு மணி நேரமாக நின்றபடி ஒன்றை எடுப்பதும் வைப்பதும், மற்றதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

இரண்டாயிரமாவது வருடம், சித்திரை மாதம். துளசிராமுக்குச் செல்லூரில் கல்யாண வீடியோ மிக்ஸிங் கடை. கேமரா பிடிப்பது, கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, வேண்டாததை வெட்டுவது, தாமரைப்பூ விரிந்து அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிப்பது போல ஜோடிப்பது, சிடி போடுவது எல்லாம் அவரே. பழைய கம்ப்யூட்டர் ஒரு மணி நேரக் கல்யாணத்தைச் சிடிக்கு மாற்றிக் கொடுக்க முழுசாக ஒரு நாளை விழுங்கியது. வைகாசியில் வரிசையாக முகூர்த்தங்கள். இந்த வேகத்தில் போனால், பெண்ணுக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் கல்யாணச் சிடி கைக்குப் போகும்.

"அண்ணே, பென்டியத்த எடுத்துட்டுப் போங்க. மாட்டுனமா மறந்தமான்னு இருக்கலாம்" என்றான் கார்த்திகேஷ்.

"செலரான ஏத்தி ஓட்டலாம்ல?"

"ஓட்டலாம்ணே. போர்டு வேகத்த அறுபத்தாறுலருந்து நூறுக்கு ஏத்துனா இதுவே ஐந்நூத்தம்பதுல பறக்கும். ஆனா எல்லாச் செலரானும் நூறுக்குத் தாங்காது. தாங்கலைன்னா எண்பத்து மூணுல வைப்பாக. அங்கதான் வில்லங்கம். பிராசசர் மட்டும் வேகமா ஓடாது, ஹார்ட் டிஸ்க்குக்குப் போற வழியும் சேந்து அளவுக்கு மேல ஓடும். சில டிஸ்க்கு தாங்காம, எழுதுறதத் தப்பா எழுதிரும்னு இன்டர்நெட்டுல போட்டிருக்கான்."

"சூடு?"

"சூடும் ஏறத்தான் செய்யும்."

"சூட்ட நான் பாத்துக்கிறேன் மாப்ள. செலரானையே குடு."

கார்த்திகேஷ் சொன்ன இரண்டில் ஒன்றுதான் அவர் காதில் விழுந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பிறந்து, அதற்குக் கீழேயே கடையும் போட்டவர். கெடுதல் என்று ஒன்று வந்தால் அது வெயில் வழியாகத்தான் வரும் என்பது அவர் ரத்தத்தில் ஊறிய கணக்கு.

நூறில் கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லை. திரை கறுப்பாகக் கிடந்தது. எண்பத்து மூன்றில் வைத்ததும் சமர்த்தாக எழுந்து உட்கார்ந்துகொண்டது. முந்நூற்று அறுபத்தாறின் விலைக்கு நானூற்று ஐம்பத்தெட்டு மெகாஹெர்ட்ஸ்! பத்து மணி நேர வேலை எட்டு மணி நேரத்தில் முடிந்தது. துளசிராமுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

சூட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். பக்கத்து வீட்டில் நாலு விசைத்தறிகள். அங்கிருந்து பறந்து வரும் பஞ்சு பிராசசர் மேலிருக்கும் குட்டி ஃபேனில் போய் அடைந்துகொள்ளும். தினமும் காலையில் பழைய பல் பிரஷ்ஷால் அதைச் சுரண்டி எடுத்தார். மணிக்கு ஒரு தடவை அலுமினியத் தகட்டின்மேல் விரலை வைத்துப் பார்ப்பார். பத்து எண்ணும் வரை விரல் தாங்கினால் கவலையில்லை. பெரும்பாலும் பதினைந்து வரை தாங்கியது.

வைகாசியில் சமயநல்லூரில் பேயாண்டி வீட்டுக் கல்யாணம் வந்தது. நாலு ஏக்கர் நெல்லும் ஒரு பம்ப்செட்டுமாகக் காலம் தள்ளியவர் பேயாண்டி. ஒரே மகள் பாண்டீஸ்வரிக்கு மாப்பிள்ளை அமைந்ததில் கால் தரையில் பாவாமல் அலைந்தார். துளசிராம் மூன்று கேசட் எடுத்தார். மறுநாளே மூன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அன்று சாயங்காலமே அந்தக் கேசட்டுகள் கேமராப் பைக்குத் திரும்பின. அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். ஒரு கல்யாணத்தின்மேல் இன்னொரு கல்யாணம் பதிவாகும். ஒவ்வொன்றுக்கும் புதுக் கேசட் வாங்கினால் கட்டுப்படியாகாது.

கல்யாணம் முடிந்த பன்னிரண்டாம் நாள் மோட்டார் போடப் போன பேயாண்டி வரப்பிலேயே விழுந்து இறந்துபோனார்.

அவர் இறந்த எட்டாம் நாள் அவருடைய மகன் அருள்பாண்டி கடைக்கு வந்தான். தாடி மழிக்காத முகம். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"அண்ணே, எங்கப்பாவுக்கு ஓட்டுப்போடுற அட்டையில உள்ள போட்டோ மட்டுந்தான் இருக்கு. அதுல உள்ளது அவருதான்னு எங்காத்தாவே ஒத்துக்க மாட்டேங்குது. பதினாறாம் நாளுக்குள்ள அந்தச் சிடியக் குடுத்துருங்கண்ணே. அந்த மனுசன் நடந்தா பாக்கணும், பேசுனாக் கேக்கணும்னு ஆத்தா ஒரே பிடியா நிக்கிது."

"வெள்ளிக்கிழமை நானே கொண்டாந்து தாரேன் தம்பி" என்றார் துளசிராம்.

வாக்குக் கொடுத்தது மனசாரத்தான். ஏற்கெனவே நாலைந்து தடவை முழுசாக ஓட்டிப் பார்த்து, எங்கே வெட்டுவது என்று நோட்டில் குறித்தும் வைத்திருந்தார். மறுநாள் காலை வேலையைத் தொடங்கியபோது பதினோராவது நிமிடத்தில் படம் நின்றது. திரும்ப ஓட்டினார். பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. மூன்றாம் தடவை அந்த ஃபைலே திறக்கவில்லை. மத்தியானத்துக்குள் டிஸ்க்கில் இருந்த பெயர்களெல்லாம் வாசிக்க முடியாத எழுத்துகளாக மாறிவிட்டன.

அவர் கை முதலில் அலுமினியத் தகட்டுக்குத்தான் போனது. பதினைந்து எண்ணினார், இருபதும் எண்ணினார். சூடே இல்லை.

கார்த்திகேஷ் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் மல்லுக்கட்டினான். திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"அப்பறம் புதுசா எழுதுனதையெல்லாம் தப்பான எடத்துல, இது மேலயே எழுதியிருக்குண்ணே. வெளிய எடுக்குறதுக்கு உள்ள ஒண்ணுமில்ல." பிறகு கேட்டான். "எண்பத்து மூணுலயா வச்சிருந்தீக?"

துளசிராம் தலையாட்டினார். முன்பே சொல்லவில்லையே என்று அவன்மேல் பழி போடக்கூட அவருக்கு வழியில்லை. அவன் சொல்லியிருந்தான்.

கேசட்டுகளில் ஒன்றுமிருக்காது என்று தெரிந்தும் மூன்றையும் போட்டுப் பார்த்தார். அவற்றில் வேறு ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. வேறு யாரோ ஒரு பெண்ணின் அப்பா வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஹம்சவேணி, கரண்ட் போய்விட்டது, அதில் எல்லாம் அழிந்துவிட்டது என்று சொல்லிவிடச் சொன்னாள். வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில், அடுப்பைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னாள். மதுரையில் கரண்ட் போகாத நாள் உண்டா, யார் கேட்கப் போகிறார்கள்? வெளியே தெரிந்தால் பிறகு எந்த வீட்டுக் கல்யாணம் வரும்? அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெள்ளிக்கிழமை சமயநல்லூர் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பொய்யைத்தான் அவர் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். விளாங்குடி தாண்டுவதற்குள் நன்றாகவே பழகிவிட்டது.

ஆனால் அந்த வீட்டில் நடு அறையில் டிவியும், வாடகைக்கு எடுத்து வந்த சிடி பிளேயரும் தயாராக இருந்தன. தூசி படக்கூடாது என்று ஒரு புதுத் துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். எதிரே பாய் விரித்து முத்துத்தாய் உட்கார்ந்திருந்தாள். பேயாண்டியின் மனைவி. புதுப்பெண் பாண்டீஸ்வரி சுவரோரம் நின்றாள். அந்தத் துண்டைப் பார்த்ததும் பஸ்ஸில் பழகிய பொய் துளசிராமுக்கு வாயில் வரவில்லை.

"சிடி இல்லம்மா" என்றார். "எல்லாம் அழிஞ்சுபோச்சு. எம்மேலதான் தப்பு. ஏழாயிரத்த மிச்சம் பிடிக்கிறேன்னு மலிவான பிராசசர வாங்கி, அதோட அளவுக்கு மேல ஏத்தி ஓட்டுனேன். வேணாம்னு சொன்னாக. நாந்தான் கேக்கல. கேசட்டுலயும் வேற கல்யாணத்த எடுத்துட்டேன்."

பாயோரம் உட்கார்ந்திருந்த அருள்பாண்டி முதலில் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் எழுந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"ஏழாயிரமா? எங்கப்பன் ஒனக்கு ஏழாயிரமாய்யா?"

துளசிராம் கையை விலக்கவில்லை. அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"விடுடா" என்றாள் முத்துத்தாய். அவள் அழவில்லை. துளசிராமையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, நீ அதப் பாத்தியா?"

"பாத்தேம்மா. நாலஞ்சு தடவ முழுசாப் பாத்தேன்."

"அப்ப உக்காரு. உக்காந்து சொல்லு. அந்த மனுசன் என்ன செஞ்சாருன்னு சொல்லு."

துளசிராம் டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நோட்டில் குறித்து வைத்ததை நினைத்துக்கொண்டு அந்த வரிசையிலேயே சொல்ல ஆரம்பித்தார்.

பந்தல் வாசலில் பேயாண்டி சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறார். சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருக்கிறது. அதை யாரோ சொல்கிறார்கள், அவர் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார், மாற்றிப் பூட்டவில்லை. பிறகு கேமரா அவர் பக்கம் திரும்புகிறது. "என்னைய எதுக்குப்பா எடுக்குற? புள்ளையப் புடி, புள்ளையப் புடி" என்று கையை வீசுகிறார்.

பாண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். அது அப்பாவே பேசியது போல இருந்தது.

"அப்பறம்?" என்றாள் முத்துத்தாய்.

"அப்பறம் தண்ணி டிரம்முக்குப் பின்னாடி போயி, துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்கிறாரு. லைட்டு பட்டதும் மூஞ்சி கழுவுற மாதிரி தண்ணிய அள்ளி ஊத்திக்கிறாரு. அத வெட்டணும்னு குறிச்சு வச்சிருந்தேன்மா."

"அழுதாரா? அழுகவே இல்லைன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணுனாரே."

"அழுதாரும்மா. அதுக்கப்பறந்தான் தாலி கட்டுனது. எல்லாரும் அட்சதை போடுறாங்க. இவரு மட்டும் கையில அரிசிய வச்சுக்கிட்டு மகளையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. போட மறந்துட்டாரு. மேளம் நின்னப்பறம் கையப் பாத்தாரு. கீழ போட மனசு வராம, சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு."

முத்துத்தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பாண்டீஸ்வரி உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அவள் எடுத்து வந்தது மகள் கல்யாணத்துக்கென்று தைத்த சட்டை. அடுத்த விசேஷத்துக்கு ஆகும் என்று பேயாண்டி துவைக்கக்கூட விடாமல் மடித்து வைத்தது. முத்துத்தாய் அதை மடியில் வைத்துப் பைக்குள் கையை விட்டாள்.

மஞ்சள் அரிசி ஒரு பிடிக்குக் குறைவாக இருந்தது. கூடவே காய்ந்துபோன ரோஜா இதழ்கள் நாலைந்து. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு மகளை அருகே கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த அரிசியை அவள் தலையில் போட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அருள்பாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

துளசிராம் எழப் போனார். முத்துத்தாய் கையால் தடுத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு தம்பி. மொதல்லருந்து."

அவர் மறுபடியும் உட்கார்ந்து பந்தல் வாசலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை அவசரப்படாமல் சொன்னார்.