அறுபத்தெட்டு கிலோ மாவு

காலை ஆறரை மணிக்குச் சிறையின் பக்கச் சுவரில் உள்ள சின்ன ஜன்னல் திறக்கும். அதற்கு அரை மணி நேரம் முன்பே வரிசை தெருமுனையைத் தொட்டுவிடும். உள்ளே கைதிகள் சுடும் பன்னுக்குத்தான் இந்தக் கூட்டம். ஒருமுறை தப்பியோடிய திருடன் ஒருவன், மூன்றாம் நாளே வாசனை தாங்காமல் திரும்பி வந்து வரிசையில் நின்றான். காவலர்களும் பாவம் பார்த்து, அவன் வாங்கித் தின்று முடித்த பிறகுதான் பிடித்தார்கள்.

அந்த அடுப்புக்குப் பொறுப்பு ஒரு மரண தண்டனைக் கைதி. இருபத்திரண்டு வயதில் குடித்துவிட்டு, ஒரு வாய்த்தகராறில், கூட வேலை செய்தவனை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றவர். செய்யவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய கருணை மனு மேசை மேசையாக நகர்ந்த பதினேழு வருடத்தில் மாவு பிசையக் கற்றுக்கொண்டார்; நாற்பது கைதிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். விடுதலையான பிறகு முப்பத்தெட்டு பேர் சொந்த அடுப்பு வைத்துப் பிழைக்கிறார்கள். மீதி இரண்டு பேருக்கு மாவைக் கண்டாலே தும்மல். எல்லோருக்கும் அவர் ‘பன்னு அண்ணன்’.

சனிக்கிழமைதோறும் வரிசையில் ஒரு தையற்காரி நிற்பார். கொலையுண்டவனின் அக்கா. பன்னை வாங்கி, அங்கேயே ஒரு கடி கடித்து, ஜன்னலுக்குள் கத்துவார்.

“உப்பு கம்மிடா, பாவி! என் தம்பிய நெனச்சுக்கிட்டே பெசை!”

“சரிக்கா” என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். பதினேழு வருடத்தில் இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். உப்பு சரியாக இருந்த நாளிலும் இந்தப் பேச்சு மாறியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மனு தள்ளுபடி என்று உத்தரவு வந்தது. வரும் செவ்வாய்க்கிழமை தூக்கு.

சிறையில் ஒரு தூக்குக்காரரும் இருந்தார். உத்தியோகத்தில் சேர்ந்து இருபது வருடமாகியும் ஓர் ஆளைக்கூடத் தூக்கிலிட்டதில்லை. மாதம் ஒருமுறை தூக்குமேடையின் நெம்புகோலுக்கு எண்ணெய் விடுவார்; மிச்ச எண்ணெயை வீட்டுக் கதவுகளுக்கு விடுவார். அதனால் அவர் வீட்டுக்குள் யார் வந்தாலும் சத்தமே கேட்காது.

விதிப்படி, கைதியின் எடைக்குச் சரியாக ஒரு மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் கயிற்றைச் சோதிக்க வேண்டும். ஆனால் ஒன்பது நாளாக அடைமழை.

“ஈர மணல் காயக் காய எடை கொறையும்யா. அப்புறம் சோதனையே தப்பாயிடும்” என்றார் கண்காணிப்பாளர்.

“இந்த ஜெயில்ல காஞ்ச சரக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு. மாவு” என்றார் தூக்குக்காரர்.

தராசும் மாவு இருந்த அடுப்படியில்தான் இருந்தது.

“கொஞ்சம் ஏறி நில்லுங்கண்ணே” என்றார் தூக்குக்காரர், பன்னு அண்ணனின் முகத்தைப் பார்க்காமல்.

“செருப்போடயா, செருப்பில்லாமயா?”

தூக்குக்காரர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். செருப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. “கழட்டிருங்க.”

முள் அறுபத்தெட்டில் நின்றது. “மாவு கேட்டீங்களாமே, எத்தன கிலோ வேணும்?” என்றார் பன்னு அண்ணன்.

“அதே அளவு.”

பன்னு அண்ணனுக்குப் புரிந்தது. தராசிலிருந்து இறங்கினார். பிறகு மாவுக் கரண்டியைக் கையில் எடுத்தார். “நானே அள்ளிப் போடறேன். நீங்க போட்டா சிந்திடுவீங்க.”

கொட்டகையில், தூக்குமேடைக்கு முன் கண்காணிப்பாளரும் மருத்துவரும் விறைப்பாக நின்றார்கள். தூக்குக்காரர் நெம்புகோலைத் தொட்டார், அவ்வளவுதான் செய்தார். இருபது வருட எண்ணெய் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது. மூட்டை கீழே பாய்ந்தது, கயிறு இழுத்தது, சாக்கு வெடித்தது. வெள்ளை மேகம் ஒன்று கொட்டகையை விட்டு மதிலைத் தாண்டி எழும்பி, ஊருக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. மழை சற்று விட்டதென்று குடையை மடக்கியிருந்த தெருக்காரர்கள் மறுபடி விரித்தார்கள். கண்காணிப்பாளரின் மீசை ஒரே நொடியில் நரைத்தது. மருத்துவர் பதினோரு முறை தும்மினார்.

சத்தம் கேட்டு, காவலரையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தார் பன்னு அண்ணன். “ஐயோ! ஆயிரத்து முந்நூறு பன்னு போச்சே! மழையில மாவு லாரியும் வரலையே!”

“யோவ், அது உன் எடைய்யா!” என்றார் கண்காணிப்பாளர்.

“என் எடை கெடக்கட்டும் சார்! நாளைக்குச் சனிக்கெழமை. அக்கா வருவாங்களே!”

முதலில் மருத்துவர் சிரித்தார். அடுத்துக் காவலர், கண்காணிப்பாளர். தூக்குக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாகப்போகிற மனுஷன் சனிக்கிழமையைப் பற்றிக் கவலைப்படுகிறானே என்று நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாவு விழுந்துவிட்டது என்றார்.

மறுநாள் ஜன்னலில் பதில் சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்தது.

“பன்னு இல்லைங்க.”

“ஏன் இல்ல?” என்றது வரிசை.

தூக்குக்காரருக்குப் பொய் வராது. நடந்ததை அப்படியே சொன்னார். தையற்காரி முன்னே வந்தார்.

“யாரைத் தூக்குல போடறீங்க?”

“உங்க தம்பியக் கொன்னவரத்தான்க்கா. தம்பிக்கு நியாயம் கெடைக்குது.”

“யாருய்யா உங்கள இந்த நியாயம் கேட்டது? பதினேழு வருஷமா வாரம் தவறாம அவனத் திட்டறேன். நாலு மணிக்கே எழுந்து என் தம்பிய நெனச்சு நெனச்சு பெசையறான். அறுபது வயசு வரைக்கும் பெசையட்டும்! நீங்க ஒரே நிமிஷத்துல அவன ஓய்வெடுக்க அனுப்பிடுவீங்களா? அப்புறம் நான் போய் யாரத் திட்டறது, உன்னையா?”

துணிப்பையிலிருந்து அளவு குறிக்கும் நோட்டை உருவி, யாருடைய இடுப்பளவுக்கோ கீழே, தூக்கை நிறுத்தச் சொல்லி ஒரு மனு எழுதினார். முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவதைத் தூக்குக்காரர் போட்டார். பதவி என்ற இடத்தில் ‘தூக்குக்காரர்’ என்றே எழுதினார். அதற்குக் கீழே வரிசை முழுவதும் போட்டது.

கண்காணிப்பாளரே ஜீப்பில் கொண்டுபோனார். திங்கட்கிழமை மதியம் பதில் வந்தது: தூக்கு ரத்து, ஆயுள் தண்டனை. அரசாங்கக் காகிதம் இரண்டே நாளில் திரும்பி வந்தது என்றால் யாரும் நம்புவதில்லை, மற்றதெல்லாம் நம்பக்கூடியதுதான்.

சிறையிலேயே ஒழுகாத இடம் தூக்குமேடைக் கொட்டகை என்பதால், இப்போது அங்கே மாவு மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. தூக்குக்காரர் அடுப்படிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். எண்ணெய் விடும் வேலைதான், ஆனால் பன் தட்டுக்கு.

அடுத்த சனிக்கிழமை தையற்காரி ஒரு கடி கடித்தார். “உப்பு கம்மிடா, பாவி!”

“சரிக்கா!” என்றது உள்ளிருந்து அதே குரல்.

வரிசையில் புதிதாக நின்ற ஒருவர் கேட்டார். “தம்பியக் கொன்னவன் கையால சாப்பிடறீங்களே, எப்படிம்மா மனசு வருது?”

அவர் மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“முதல் வருஷம் மனசு வரல. வாங்கித் தூக்கி எறிஞ்சேன். என் தம்பி இனிமே வரமாட்டான், அந்த வலி போகாது. ஆனா ஒருத்தனத் திருத்தத்தானேய்யா ஜெயிலு? குத்தத்துக்குத் தண்டனை வேணும், கண்டிப்பா வேணும். அத அனுபவிக்கறதுக்கும், திருந்தறதுக்கும் ஆளு உசுரோட இருக்கணும். ஒரு உசுர எடுத்த கை இன்னைக்கு ஊருக்கே பசியாத்துது. அத வெட்டிப் போட்டு நாம என்னத்தச் சாப்பிடறது?”

சொல்லிவிட்டு இன்னும் இரண்டு பன் வாங்கிக்கொண்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது.