வலது கண் படம்

கணபதியப்பன் கேமரா செய்த கதை தெரியாத ஆள் சுசீந்திரத்தில் இருந்தால், அவர் நேற்று பஸ் இறங்கியவராகத்தான் இருக்கவேண்டும். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மனிதர் சும்மா இருப்பாரா? வடசேரி பழைய சாமான் கடையில் ஒரே மாதிரி இரண்டு பிலிம் கேமராக்களை வாங்கி, அலுமினியப் பட்டையில் திருகாணி போட்டுப் பக்கத்துப் பக்கமாக மாட்டினார். ஒன்று இடது கண், மற்றது வலது கண். இரண்டு படத்தையும் ஓர் அட்டையில் ஒட்டி, லென்சு வைத்த பெட்டிக்குள் பார்த்தால் ஆள் எழும்பி நிற்கும். எதிர்வீட்டு ராஜி, படத்தில் இருந்த வாழைக்குலையைக் கை நீட்டித் தடவப் பார்த்தாள் என்றால் பாருங்களேன்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மகள் தன்யா குளச்சல் கடற்கரைக்காரப் பையன் சிஜினைக் கட்டப்போவதாகச் சொன்னபோது சொந்தபந்தம் வாயைப் பிளந்தது. இவரோ, "சாதி என்ன வேய் சாதி? மனுசன்தான் வேணும்" என்று டீக்கடையில் மூன்று மாதம் பேசினார். கேட்டவர்களுக்குக் காது வலித்ததுதான் மிச்சம்.

நிச்சயதார்த்தத்தன்று சிஜினின் அப்பா சூசைமரியான் வந்து இறங்கினார். இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். மீன்வாடை வரும் என்று மூக்கைத் தீட்டி வைத்திருந்த தெருவுக்கு ஏமாற்றம், அத்தர்தான் மணத்தது.

சாப்பாடு முடிந்து குடும்பப் படம். கணபதியப்பனும் அதில் நிற்கவேண்டுமே! இரண்டு கேமராவிலும் டைமரை முடுக்கிவிட்டு ஓடிவந்தார். ஊர் பார்க்கச் சம்பந்தியின் தோளில் கை போட்டார். க்ளிக் கேட்டது. கையை எடுத்தார்.

கொச்சிக்குக் கழுவ அனுப்பிய பிலிம், இரண்டு வாரம் கழித்துப் பிரிண்டுகளோடு கூரியரில் வந்தது. அட்டையில் ஒட்டி, பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். எல்லோரும் எழும்பி நின்றார்கள். அவர் கை மட்டும் சம்பந்தியின் தோளில் ஆவி மாதிரி மினுங்கியது. ஒரு கண்ணை மூடினார். இடது படத்தில் கை தோளில் இருந்தது. மறுகண்ணை மூடினார். வலது கேமராவின் டைமர் கிழடு. ஒரு நொடி பிந்திவிட்டிருந்தது. அந்தப் படத்திலும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கையோ வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தது.

துடைத்தது அவருக்கு நினைவே இல்லை. அதுதான் கூடுதல் கேவலமாக இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கை பாட்டுக்குப் போய்த் துடைத்திருக்கிறது. மூன்று மாதம் டீக்கடையில் பேசியதெல்லாம் வாய்க்கு மட்டுந்தான் தெரியும் போலிருக்கிறது.

எப்போதும் இரண்டிரண்டு பிரதி வாங்குவது அவர் வழக்கம். வலது படத்தைப் பிய்த்துவிட்டு, அந்த இடத்தில் இடது படத்தின் இன்னொரு பிரதியை ஒட்டினார். வலது படங்கள் சட்டைப்பைக்குள் போயின.

அன்று மாலையே மண்டபம் விஷயம் பேசச் சம்பந்தி வந்துவிட்டார். படம் வந்ததை மோப்பம் பிடித்த ராஜியும், சர்க்கரை இரவல் கேட்கும் சாக்கில் வந்தாள். முதலில் பெட்டியைப் பிடித்தவளும் அவள்தான்.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணும் எழும்பலியே? அப்பளம் மாதிரில்லா சப்பையா கெடக்கு! உங்க கேமராவுக்கும் ரிட்டையர்மெண்டு வந்தாச்சோ?"

"ஆமா, கெட்டுப்போச்சு" என்றார். கேமராவைக் குறை சொன்னால் சண்டைக்கு வருகிற மனிதர்!

தன்யா பெட்டியை வாங்கினாள். அப்பாவோடு உட்கார்ந்து அட்டை ஒட்டிப் பழகியவள். "யப்பா, ரெண்டும் இடது படம்தானே? வலது எங்க?"

"அது சரியா விழல்ல மக்கா."

"பரவால்ல, காட்டுங்க. பைக்குள்ள துருத்திக்கிட்டு நிக்கே, அதா?"

ராஜி சர்க்கரையை மறந்தாள். கணபதியப்பன் இன்னொரு பொய் தேடினார், அகப்படவில்லை. ஒரு படத்தை உருவி, மகளிடம் கொடுக்காமல், சூசைமரியானிடம் நீட்டினார்.

அவர் வாங்கிப் பார்த்தார். "இது எனக்கு அன்னைக்கே தெரியும் சம்மந்தி. நான் பக்கத்திலல்லியா நின்னேன்."

தன்யா எட்டிப் பார்த்தாள். அதன்பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல்ல?" என்றார் கணபதியப்பன்.

"என்னத்தச் சொல்ல? எம்மவன் கெட்டப்போறது உங்க மவளை. உங்க கையை இல்லியே."

நல்ல பேச்சு கிடைத்தும் ராஜிகூடச் சிரிக்கவில்லை.

"செரி, மண்டபத்துக்கு எந்தத் தேதி?" என்று சூசைமரியான் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். கணபதியப்பன் வாங்கிக்கொண்டார். வாங்கிய கை வேட்டியில் பட்டுவிடக்கூடாதே என்று, அதை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார்.