சுபுஹு இமாம்

என் வீட்டுக்காரர் பள்ளிவாசலில் மோதினார். தொழுகைக்கு அழைக்கப் பாங்கு சொல்வார், பாய் விரிப்பார், குழாய் ஒழுகினால் அதையும் பார்ப்பார். தொழுகை நடத்துகிற இமாமை எல்லோரும் 'ஹஜ்ரத்' என்பார்கள். இவரை மட்டும் 'யோவ் மோதினாரே' என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர் சிரித்துக்கொண்டே போவார்.

மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கேட்டிருந்தோம். அங்கே இமாம்களின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. மோதினாருக்கும் அது பொருந்தும் என்று நினைத்தேன். பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லி படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். மூன்று பேருமாக ஆபீஸ் அறைக்குப் போனோம்.

"இமாம்னு போட்டிருக்கு. நீங்க மோதினார்தானே?" முத்தவல்லி படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.

"ஆமாங்க, மோதினார்தான்" என்றார் இந்த மனுஷன். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மகளின் முகம் செத்துப்போனது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹஜ்ரத் எழுந்துவிட்டார்.

"தொழ வைக்கிறவர்தானே இமாம்? மூணு வருஷமா விடியக்காலை சுபுஹுத் தொழுகையை இவர்தான் தொழ வைக்கிறார். என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா கிடக்கா. அந்த நேரத்துல அவளைத் துடைச்சு, திருப்பிப் படுக்க வைக்க என்னை விட்டா ஆளில்ல. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்னு இவர் மூச்சே விடல."

எனக்கே தெரியாது! ஒரே வீட்டில் சோறு தின்கிறோம், என்னிடம்கூட வாய் திறக்கவில்லை.

முத்தவல்லிக்கு முகம் சிவந்தது. "எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

மூலையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த கிழவர் நிமிரவே இல்லை. "சுபுஹுக்கு ஒரு நாளாவது வந்திருந்தா சொல்லாமலே தெரிஞ்சிருக்கும்."

அதற்குப் பிறகு முத்தவல்லியின் பேனா படிவத்தில் மளமளவென்று ஓடியது.

மறுநாள் விடியக்காலை பாங்குக்கு முன்பே ஹஜ்ரத் வீட்டுக் கதவைத் தட்டினேன். "இனிமே இந்த நேரத்துல அக்காவை நான் பாத்துக்கறேன். நீங்க பள்ளிக்குப் போங்க."

அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். தன் வேலையைப் பணயம் வைத்து என் பிள்ளைக்குப் படிப்பைக் கொடுத்தவருக்கு வேறென்ன செய்துவிட முடியும்?

அவர் தெரு முனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஹஜ்ரத் தொழ வைத்தால் இவர் மறுபடியும் வெறும் மோதினார்தானே? நானே என் கையால் கெடுத்துவிட்டேனோ?

தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார்.

"ஹஜ்ரத்தைப் பாத்ததும் ஒதுங்கி நின்னேன். தோளைப் பிடிச்சு முன்னாடி நிறுத்திட்டாரு. 'தொழ வைங்க, ஹஜ்ரத்'னு என்கிட்ட சொல்லிட்டு, எனக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டாரு."