பஸ் டைம்

மாதனூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்கு ஆள் போகிற வீடுகளில் கடிகாரம் உண்மை பேசாது. கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. அதைத் தவறவிட்டுப் போனால் சூப்பர்வைசர் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. அதனால் இருபது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பஸ் டைம் என்று பெயர். எழிலரசியின் வீட்டில் அந்தப் பொறுப்பு புருஷன் பாண்டியனுடையது. ஃபோன் தானாக நேரத்தைத் திருத்திக்கொள்கிற வசதியைக்கூட அவன் எப்போதோ அணைத்துப் போட்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழிலரசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணமான புதிதிலிருந்து ஷூ கம்பெனி லைனில் உட்கார்ந்து ஒரே தையலைத் தைத்துத் தைத்து அவளுக்கு அலுத்துவிட்டது. வேலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சாம்பிள் ரூமுக்கு ஆள் எடுக்கிறார்கள். புது மாடல் ஷூவை முதன்முதலில் தைத்துப் பார்க்கிற இடம் அது. பதினோரு மணிக்கு வீடியோ காலில் இன்டர்வியூ. இதை விட்டால் அடுத்து எப்போது ஆள் எடுப்பார்களோ, யார் கண்டது?

அவள் வீட்டுக்குள் சிக்னல் எட்டிப் பார்க்காது. பக்கத்து வீட்டு ஜஹீதா அக்கா, “நம்ம வீட்டுக்கு வாடி, வைஃபை இருக்குது” என்று சொல்லியிருந்தாள். புதுப் புடவை கட்டி, பவுடர் போட்டு, தையல் மாதிரி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தும் ஆயிற்று. வீட்டுக்கே ஒன்றாக இருந்த பாழாய்ப்போன ஃபோன்தான் மக்கர் செய்தது. வைஃபை கோடு நிறைய இருந்தது. எதைத் தொட்டாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்றது.

கூட வந்திருந்த பாண்டியன் வாங்கிப் பார்த்தான். வைஃபையை அணைத்துப் போட்டான். பாஸ்வேர்டை அழித்து மறுபடி அடித்தான். ஃபோனையே அணைத்துப் போட்டான். ஜஹீதா, சுவரில் இருந்த வைஃபை பெட்டியைப் பிடுங்கிச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஃபோன் அசையவில்லை.

“நெட்டு இல்லாமயா டிவியில படம் ஓடுது?” என்றாள் ஜஹீதா. “என் ஃபோனு இருந்தா குடுத்துருப்பேன். அவரு மேல்விஷாரத்துக்கு எடுத்துக்கினு போய்ட்டாரு. பேஜாரா போச்சுடி.”

எழிலரசி எழுந்தாள், உட்கார்ந்தாள், வாசல்வரை போய் ஃபோனைத் தூக்கிப் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

நேற்றுச் சாயங்காலம்தான் ஆம்பூர் பஜாரில் புது பேட்டரி போட்டு வாங்கி வந்தான் பாண்டியன். அதுவரை நன்றாகத்தானே இருந்தது? அவளுக்குச் சுருக்கென்றது. புது வேலைக்கு பஸ் இன்னும் சீக்கிரம் வரும் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ‘பாரதிய யாரு ஸ்கூலுக்கு அனுப்புறது? எனக்குக் கழனியில வேலை இல்லியா?’ என்று மகளைச் சொல்லித் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தவன்.

“நீங்க இத இன்னா பண்ணீங்க?”

“இன்னா பண்ணேன்? செத்துக் கிடந்துச்சு. ஆன் பண்ணி டைம் வெச்சேன்.”

“வேணும்னேதான் பண்ணியிருக்கீங்க. நான் போவக் கூடாதுன்னு.”

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி முன்னால் இப்படியா கேட்பது? பாண்டியன் எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். அவன் முதுகைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கோபம் தணியவில்லை.

ஃபோனில் மணி பதினொன்று ஆனது. எழிலரசிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. “போச்சுக்கா. எல்லாம் போச்சு.”

“இன்னாடி போச்சு? அங்க பாரு” என்று ஜஹீதா தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. “உன் ஃபோன்ல ஓடுறது பஸ் டைமு. பதட்டத்துல அதுகூட மறந்துட்டியா? முதல்ல இத சரி பண்ணு, பாத்தாலே வயித்தக் கலக்குது.”

ஜஹீதாவே ஃபோனைப் பிடுங்கி செட்டிங்கைத் திறந்தாள். பார்த்தவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அடியே! நீ எந்த வருஷத்துலடி இருக்கற? ரெண்டாயிரத்துப் பதினஞ்சு, ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்குது!”

பேட்டரி மாற்றியபோது ஃபோன் பழைய வருஷத்துக்குப் போய்விட்டது. பாண்டியன் மணியை மட்டும் பார்த்துப் பார்த்து அக்கறையாகப் பஸ் டைம் வைத்தான். தேதி என்று ஒன்று இருப்பதையே அவன் கவனிக்கவில்லை. பழைய தேதியில் கிடக்கிற ஃபோனை நெட் எப்படி நம்பும்?

“அந்த வருஷம் எனக்குக் கல்யாணமே ஆவலக்கா” என்றாள் எழிலரசி, அழுகையும் சிரிப்புமாக.

வாசற்படியிலிருந்து குரல் வந்தது. “நிம்மதியா இருந்த வருஷம்.”

ஜஹீதா தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியை அழுத்தினாள். தேதி தாவியது. ஃபோன் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டது, வரவேண்டிய செய்தியெல்லாம் வந்து குவிந்தது. எழிலரசி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தையல் மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சரியாகப் பதினொன்றுக்குத் திரையில் ஓர் அம்மாள் வந்தாள். தையலைக் கிட்டத்தில் காட்டச் சொன்னாள், திருப்பிக் காட்டச் சொன்னாள். கடைசியில், “அடுத்த மாசம் வந்து சேர்ந்துருங்க” என்றாள். ஜஹீதா திரைக்குத் தெரியாமல் கைதட்டினாள்.

எழிலரசி வாசலுக்கு ஓடினாள். பாண்டியன் அங்கே இல்லை. அவளுக்குச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது?

வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் ஸ்டூல் மேல் நின்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கீழே பாரதி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா பண்றீங்க?”

“ஜன்னல்கிட்ட நின்னு கேட்டேன். அடுத்த மாசம்னு சொன்னாங்க இல்ல?” அவன் திரும்பவில்லை. முள்ளைத் திருகினான். “அந்த பஸ்ஸு சீக்கிரம் வந்துரும். இருபது நிமிஷம் பத்தாது. இப்பயே பழகிக்கணும். ஃபோன நான் தொடல, தாயி. இத வெச்சே எழுப்பி உடுறேன். பாரதிய நான் ரெடி பண்ணிக்கிறேன்.”

எழிலரசி போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

“உடுடி, உழுந்துருவேன்” என்றான் அவன்.

அவள் விடவில்லை.