இலவசக் கப்பலும் தேகப்பயிற்சிப் பரீட்சையும்

நாகூர் மீரான் எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவன். சுங்கை பினாங் தமிழ்ப் பள்ளியைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனவன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவான். டவுனில் வாத்தியார்களுக்கு நடந்த தேகப்பயிற்சி மாலை வகுப்பிலும் அப்படித்தான். கால் எங்கே வைப்பது, கை எந்த உயரம், மூச்சை எப்போது விடுவது என்று வகுப்பில் சொன்னதையெல்லாம் வீட்டுக்கு வந்ததும் எழுதி வைப்பான். எழுதி முடித்த கையோடு, இது நமக்கு வரவே வராது என்றும் நினைத்துக்கொள்வான்.

வராவிட்டால் வேலை போய்விடும். ரப்பர் என்கிற கித்தாவின் விலை தரையில் கிடந்த காலம் அது. பள்ளிக்குப் பணம் தருகிற வியாபாரிகளான செட்டுக்காரர்கள் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். தேகப்பயிற்சிச் சான்றிதழ் இல்லாத வாத்தியாரை வருஷக் கடைசியில் நிறுத்திவிடுவதாகத் தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். பள்ளியில் அப்படி இருந்தவன் மீரான் ஒருவன்தான். வீட்டில் உம்மாவும் தங்கை சுலைஹாவும் அவன் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

பரீட்சைக்கு ஒவ்வொரு வாத்தியாரும் தன் பள்ளிப் பையன்களை மைதானத்துக்குக் கூட்டிவர வேண்டும். டிரில், ஒரு விளையாட்டு, கடைசியில் ஆள்மேல் ஆள் ஏறி நிற்கும் கோபுரம். கோபுரம் நின்றால் பாஸ்.

மீரானின் பையன்களோ வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தார்கள். தோட்டத்தில் ஆள்குறைப்பு, துறைமுகத்திலும் வேலை இல்லை. வேலையற்றவர்களைச் சர்க்கார் செலவில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கப்பல் பட்டியலில் பெயர் வந்த குடும்பம் மூட்டையைக் கட்டியது. அந்த வீட்டுப் பையன் மறுநாள் வரிசையில் இருக்க மாட்டான். மீரான் வேறொருவனை அந்த இடத்தில் நிறுத்தி, முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பான்.

"மீரானே, இது கோபுரமா, இடிஞ்ச வீடா?" என்று மாலை வகுப்பில் உடன் படித்த வேறு பள்ளி வாத்தியார் சிக்கந்தர் கேலி செய்தான். "என் ஸ்கூல் பசங்க எல்லாம் கடைக்காரன் வூட்டுப் பிள்ளைங்க லா. கப்பல் ஏற மாட்டானுங்க, ஆனா கோபுரமும் ஏற மாட்டேங்குறானுங்க. தொப்பை இடிக்குது."

மீரான் சிரித்தான். அவனுக்கு ராமதாஸ் இருந்தான். முன்பு தாசேக் கெலுகோர் பக்கத் தோட்டத்தில் அப்பாவோடு கித்தாப் பால்வாளி தூக்கி உரமேறிய தோள். அடிவரிசையின் நடுவில் அவன் குனிந்து நின்றால், மேலே ஏறுகிறவனின் கால் நடுங்காது. மற்ற எந்த இடத்துக்கும் ஆள் மாற்றலாம். அந்த இடத்துக்கு வேறு பையன் இல்லை.

பரீட்சை செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வாரம், பயிற்சி முடிந்து மற்றவர்கள் போனபின் ராமதாஸ் மட்டும் நின்றான்.

"சார், எங்க பேரு வந்துருச்சு. சனிக்கிழமை கப்பல்."

மீரான் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டான். "வா, அப்பாவைப் பார்ப்போம்" என்றான்.

ராமதாஸின் அப்பா சுப்பையா, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தகரம் சாய்த்த ஓர் அறையில் குடியிருந்தார். தோட்டத்திலிருந்து நிறுத்தப்பட்டு, டவுனில் கிடைத்த கூலிக்குப் போய், இப்போது அதுவும் இல்லாதவர். அவர் மனைவி சின்னம்மா நிறைமாதத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்த வயிற்றோடு மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மூலையில் மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை வரைக்கும் இவனை விட்டுக் குடுங்க" என்றான் மீரான். "இவன் இல்லேன்னா என் பரீட்சை போச்சு. பரீட்சை போனா வேலையும் போச்சு."

"சனிக்கிழமை கப்பலு, செவ்வாக்கிழமை பரீச்சையா?" என்றாள் சின்னம்மா. "கப்பக்காரன்கிட்ட நிறுத்தி வைக்கச் சொல்லுங்க வாத்தியாரே. உங்க பேரைச் சொன்னா நிப்பான்."

"நீ சும்மா இரு புள்ள" என்றார் சுப்பையா. பிறகு மீரானைப் பார்த்து, "அடுத்த கப்பலு எப்ப?" என்று கேட்டார்.

"அடுத்த மாசம்."

"இதை விட்டுட்டா அதுல ஏத்திக்குவானா?"

மீரானுக்குத் தெரியாது. ஆனால் அவன் வாய், "ஏத்திக்குவாங்க அண்ணே" என்றது. "நான் ஆபீசுல பேசிடுறேன்."

"அடுத்த மாசம் என் வயிறு என்னா ஆவும்?" என்றாள் சின்னம்மா. "அங்க என் அக்கா இருக்கா. இங்க யாரு இருக்கா? இந்த மாடுதான் பிரசவம் பார்க்கணும்."

"வாத்தியாரு வீடு தேடி வந்து கேக்குறாரு" என்றார் சுப்பையா. "தோட்டத்துல எந்தக் கங்காணி நம்மளை வாசல்ல வந்து கேட்டான்? ஒரு கப்பலுதானே. இருந்துட்டுப் போவோம்."

ராமதாஸின் முகம் மலர்ந்தது. அவனுக்கும் கோபுரத்தை விட்டுப் போக மனமில்லை. சின்னம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். சட்டியும் தட்டும் அதற்குள்தான் இருந்தன.

கப்பலில் போகிறவர்களின் பெயரைப் பதிகிற அலுவலகம் மாலை வகுப்புக்குப் போகிற வழியிலேயே இருந்தது. மறுநாள் மீரான் அங்கே போனான். வரிசையில் நின்றான். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர, பெயர் எழுதுகிற கிராணியின் மேசை கிட்டே வந்தது. கேட்டால், முடியாது என்று சொல்லிவிடுவாரோ? சொல்லிவிட்டால் அதைச் சுப்பையாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்காத வரையில் முடியும், முடியாது இரண்டுக்கும் இடமிருந்தது. பின்னால் நின்ற கிழவருக்கு வழிவிட்டு மீரான் வரிசையை விட்டு விலகினான். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வெள்ளிக்கிழமையும் அந்தத் தெருவழியாகத்தான் போனான். அன்று உள்ளேயே நுழையவில்லை. சனிக்கிழமை கப்பல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மைதானத்தில் வெயில் சாய்ந்திருந்தது. பரிசோதிக்க வந்த துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீரான் விசில் ஊதினான். ராமதாஸ் நடுவில் போய்க் குனிந்து நின்றான். அடுத்த வரிசை ஏறியது. அதற்கும் மேலே சின்னப் பையன் ஒருவன் ஏறி இரண்டு கைகளையும் விரித்தான். கோபுரம் அசையவில்லை. துரை எழுந்து வந்து ராமதாஸின் தோளைத் தட்டிக் கொடுத்தார். சிக்கந்தர் ஓடிவந்து மீரானைக் கட்டிக்கொண்டு, "பாஸ் லா, பாஸ்!" என்று கத்தினான். அவனுடைய கோபுரம் இரண்டாம் வரிசையிலேயே சரிந்திருந்தது.

புதன்கிழமை பள்ளி விட்டதும் மீரான் சுப்பையாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். இப்போது கேட்க அவனுக்குத் தைரியம் இருந்தது.

கிராணி பட்டியலைப் பார்த்தார். "பேரு கூப்பிட்டு வராதவனுக்கு இலவசச் சீட்டு கிடையாது. ஆர்டர் அப்படி. சொந்தக் காசுல போகச் சொல்லுங்க."

"நான்தான் நிறுத்தி வெச்சேன்" என்றான் மீரான். "ஸ்கூல் காரியம். கொஞ்சம் மேலே எழுதிப் பாருங்க."

"கப்பலுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேற கப்பலுக்கு மாத்தி எழுதியிருப்பேன். எத்தனை பேருக்கு மாத்தியிருக்கேன். இப்ப வந்து கேட்டா?" கிராணி பட்டியலை மூடினார்.

வெளியே வந்தார்கள். சுப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது மீரானுக்கு.

"பரீச்சை பாஸா வாத்தியாரே?"

"பாஸ் அண்ணே."

"அதுவாவது ஆச்சே."

அறை வாசலில் சின்னம்மா நின்றிருந்தாள். சுப்பையாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் சுப்பையாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மீரானிடம்தான் கேட்டாள்.

"ஆபீசுல பேசுறேன்னீங்களே, பேசினீங்களா?"

"போனேன் அக்கா."

"போனது இருக்கட்டும். கேட்டீங்களா?"

"கேக்கல."

அவள் கத்தவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "நாங்க கேட்டிருப்போமே. எங்களுக்கு வாய் இருந்துச்சே. நீங்க பேசுறேன்னதாலதான் பேசாம இருந்தோம்" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை ராமதாஸ் பள்ளிக்கு வரவில்லை. துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கப் போகிறான் என்று பையன்கள் சொன்னார்கள். பெரிய ஆளுக்கு வேலை இல்லாத இடத்தில், பாதிக் கூலிக்குப் பையனை எடுத்துக்கொண்டார்களாம். மீரான் ஒருநாள் துறைமுகம் வரை போனான். தூரத்திலேயே அவனை அடையாளம் தெரிந்தது. கழுத்து மடங்க, மூட்டைக்கு அடியில் கால் நடுங்காமல் பலகையில் ஏறிக்கொண்டிருந்தான். மீரான் அவனைக் கூப்பிடாமலே திரும்பிவிட்டான்.

சான்றிதழ் வந்தது. வேலை நிலைத்தது. தலைமை ஆசிரியர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு சொன்னார்:

"செட்டுக்காரங்க அடுத்த வாரம் ஸ்கூல் பார்க்க வர்றாங்க தம்பி. அந்தக் கோபுரத்தை ஒரு தடவை நிறுத்திக் காட்டணும்."

"முடியாது சார். நடுவில் நிற்க ஆள் இல்லை."

"ஏன், அந்தப் பையனும் கப்பல் ஏறிட்டானா?"

"இல்லை சார்" என்றான் மீரான். "இங்கேதான் இருக்கான்."